முற்றுகைக் காலச் சவர்க்காரம்

சவர்க்காரத்துக்கும் ஒரு வரலாறு உண்டா என்று சிலர் கேட்கக்கூடும். அரசர்களுக்கும் போர்களுக்கும் உடன்படிக்கைகளுக்கும் வரலாறு எழுதிப் பழகியவர்கள் நாம். கிணற்றடியிலே தேய்ந்து கரைந்துபோகும் ஒரு கட்டியைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று எண்ணுவது இயல்பே. ஆயின் 1990ஆம் ஆண்டு யூன் மாதத்தின் பின்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டில் வாழ்ந்த எவரும் அவ்வாறு எண்ணமாட்டார்.

அந்த யூன் மாதத்திலே போர் மீண்டும் மூண்டது. மின்சாரம் நின்றது, பாதை அடைபட்டது, வடக்குக்குக் கொண்டு செல்லக்கூடாத பொருள்கள் இவையெனப் பட்டியல் ஒன்று நடைமுறைக்கு வந்தது. பெற்றோல், டீசல், சீமெந்து, பசளை, பற்றரி ஆகியவற்றோடு சவர்க்காரமும் அப்பட்டியலில் இடம்பெற்றது. பெற்றோலைத் தடுத்ததற்கு ஒரு போர்த்தர்க்கம் கூறப்படலாம். ஒரு குழந்தையின் அரைத்துணியைத் தோய்க்கும் கட்டியைத் தடுத்ததற்கு என்ன தர்க்கம் என்று அன்று சந்திக்குச் சந்தி பேசப்பட்டது. கிளாலிக் கடல்நீரேரியைப் படகிலே கடந்து, உயிரைப் பணயம் வைத்துக் கொண்டுவரப்பட்ட பொதிகளுக்குள்ளே சவர்க்காரக் கட்டிகளும் இருந்தன. அவ்வாறு வந்த பொருளுக்கு இக்கரையிலே துப்பாக்கியோடு நின்றோர் வரி அறவிட்டனர் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. பதுக்கி வைத்து விலை கூட்டிய வணிகரும் இருந்தனர். இருதரப்புப் போருக்கும் இடையிலே அழுக்குத் துணியோடு நின்றவர்கள் சாதாரண மக்களே.

நான் அப்போது பாடசாலை மாணவன். இரசாயனவியல் கற்பித்த எங்கள் ஆசிரியர் ஒருநாள், "நாங்களே காய்ச்சிப் பார்ப்போம்" என்றார். எண்ணெயும் காரமும் சேர்ந்தால் சவர்க்காரமும் கிளிசரீனும் உண்டாகும் என்பதை நாங்கள் பரீட்சைக்காக மனப்பாடஞ் செய்திருந்தோம். எண்ணெய் கிடைத்தது, தேங்காயெண்ணெய் அரைப் போத்தல், ஐந்து வீடுகளிலிருந்து சேர்த்தது. காரம் எங்கே? புத்தகம் கூறிய எரிசோடா கொழும்பிலிருந்து வரவேண்டிய பொருள். கொழும்பிலிருந்துதான் எதுவும் வரவில்லையே! எனவே சாம்பலை நாடினோம். தென்னம்பாளை, பன்னாடை, ஊமல் முதலியவற்றை எரித்த சாம்பலை, அடியிலே துளையிட்ட பானையில் நிரப்பி, மேலே நீர் ஊற்றி, சொட்டுச் சொட்டாக வடிந்த கபில நிற நீரைச் சேர்த்தோம். அந்நீரிலே கோழி முட்டை மிதந்தால் காரம் போதும் என்று ஆசிரியர் எங்கோ படித்திருந்தார். முட்டை மிதந்தது. எண்ணெயை ஊற்றிக் காய்ச்சினோம். ஒரு பகல் முழுவதும் விறகு எரிந்தது. மாலையில் பார்த்தபோது, எண்ணெய் எண்ணெயாகவே மேலே மிதந்தது. சிறிது நுரை கண்டது, சவர்க்காரம் காணவில்லை. முதல் முயற்சி அவ்வாறு முடிந்தது.

அந்தத் தோல்வியின் காரணத்துக்குப் பின்னர் வருவேன். அதற்குமுன் ஒன்றைச் சொல்லவேண்டும். முற்றுகை ஒன்றின் நடுவே, இல்லாத காரத்தைத் தேடிய முதல் மனிதர்கள் நாங்கள் அல்லர். உலகத்தின் சவர்க்கார வரலாற்றிலே மிகப் பெரிய இரண்டு திருப்பங்கள் முற்றுகைகளின் நெருக்கடியிலே நிகழ்ந்தவை. பல ஆண்டுகளின் பின் அவற்றைப் படித்தபோதுதான் எங்கள் பானையின் பொருள் எனக்கு விளங்கியது.

காரம் என்பது ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சாம்பலிலிருந்தே பெறப்பட்டது. விறகுச் சாம்பலில் இருப்பது பெரும்பாலும் பொற்றாசியங் காபனேற்று. கடலோரத்து உவர்ச்செடிகளின் சாம்பலில் இருப்பது சோடியங் காபனேற்று. அதாவது சலவைச் சோடா. பதினெட்டாம் நூற்றாண்டின் ஐரோப்பாவில் கண்ணாடிக்கும் சவர்க்காரத்துக்கும் துணி வெளுப்பதற்கும் சோடா வேண்டியிருந்தது. பிரான்சு தேசத்துக்கு அது பெரும்பாலும் ஸ்பெயின் நாட்டுக் கடற்கரைகளிலிருந்து வந்தது. 1793இல் புரட்சிப் பிரான்சு ஒருபுறம் இங்கிலாந்தோடும் மறுபுறம் ஸ்பெயினோடும் போர்புரிய நேர்ந்தபோது அவ்வழி அடைபட்டது. நாட்டில் எஞ்சியிருந்த பொற்றாசுக் காரமோ வெடிமருந்துக்கு வேண்டிய வெடியுப்பு ஆக்குவதற்குத் தேவைப்பட்டது. துணி தோய்க்கும் சாம்பலும் பீரங்கிக்குப் போயிற்று.

நிக்கொலா லெப்ளான் என்ற மருத்துவர் 1791ஆம் ஆண்டிலேயே சாதாரண உப்பிலிருந்து சோடா ஆக்கும் முறைக்கு உரிமம் பெற்றிருந்தார். உப்பைச் சல்பூரிக்கமிலத்தோடு சேர்த்து, கிடைத்த பொருளைச் சுண்ணக்கல்லோடும் கரியோடும் உலையிலிட்டு வறுத்து, பின் நீரில் கரைத்து எடுப்பது அவருடைய முறை. ஓர்லியன்ஸ் கோமகன் முதலிட, பாரிசுக்கு அருகே சென் தெனியில் தொழிற்சாலை எழுந்தது. 1793 நவம்பரில் கோமகனின் தலை கொலைப்பொறியிலே வீழ்ந்தது. தொழிற்சாலை அரசுடைமையாயிற்று. 1794இல் புரட்சி அரசு, சோடா பற்றிய இரகசியங்களை அறிந்தோர் யாவரும் தேசத்தின் நன்மைக்காக அவற்றை வெளியிடவேண்டுமென்று கட்டளையிட்டது. லெப்ளானின் முறை அச்சேறிப் பொதுச் சொத்தாயிற்று. தொழிற்சாலை பின்னர் அவரிடமே திரும்பியபோதும் அதை நடத்தப் பணமில்லை. 1806இல் அவர் தற்கொலை செய்துகொண்டார்.

தனியொருவரின் இரகசியம் மக்களின் உடைமையானது நன்றுதானே என்று நம்மிற் சிலர் மகிழலாம். நானும் அவ்வாறு எண்ணியதுண்டு. ஆனால் அவ்வுடைமை எவர் கைக்குச் சென்றதென்று பார்க்கவேண்டும். அம்முறையால் பெருஞ்செல்வம் ஈட்டியவர்கள் இங்கிலாந்தின் ஆலை முதலாளிகள். 1823இல் ஜேம்ஸ் மஸ்பிராற் லிவர்ப்பூலில் தொடங்கிய சோடா ஆலையைத் தொடர்ந்து, சென்ற் ஹெலன்ஸ், விட்னெஸ் ஆகிய ஊர்களில் புகைபோக்கிகள் காடாக எழுந்தன. அவ்வாலைகளிலிருந்து வெளியேறிய ஐதரசன் குளோரைட்டு வாயு சுற்றுவட்டாரத்து மரங்களைக் கருக்கியது. தொழிலாளரின் பற்களை அரித்தது. எஞ்சிய கழிவு மலைகள் அழுகிய முட்டையின் நாற்றத்தோடு ஊரைச் சூழ்ந்தன. 1863இல் காரத் தொழில் சட்டம் என்று ஒரு சட்டம் இயற்றவேண்டிய அளவுக்கு நிலைமை முற்றியது. அச்சட்டத்தைக் கேட்டு முதலில் குரலெழுப்பியவர்கள் பற்களை இழந்த தொழிலாளர் அல்லர். பயிரும் மரமும் கருகிய நிலவுடைமையாளர் என்பது மனங்கொள்ளத்தக்கது. உலகத்தின் துணிகளை வெளுப்பதற்காக ஓர் ஊரே கறுத்தது.

அதே இங்கிலாந்திலே ஏழைகளுக்குச் சவர்க்காரம் எட்டாக்கனியாகவே நெடுங்காலம் இருந்தது. 1712இல் விதிக்கப்பட்ட சவர்க்கார வரி 1853 வரை நீடித்தது. வரியை ஏமாற்றி இரவிலே காய்ச்சிவிடக் கூடாது என்பதற்காக, ஆலைகளின் காய்ச்சும் பாத்திரங்களுக்கு மூடியிட்டுப் பூட்டும் அதிகாரம் தீர்வை உத்தியோகத்தருக்கு இருந்தது. அழுக்கோடு வாழ்ந்த மக்களை அழுக்கர் என்று இகழ்ந்த அதே ஆளும் வர்க்கமே சவர்க்காரப் பாத்திரத்தின் சாவியையும் இடுப்பிலே செருகியிருந்தது. கிளாலிக் கரையில் வரி கொடுத்தோருக்கு இதிற் புதுமை எதுவும் இராது.

வரி நீங்கியபின் சவர்க்காரம் பெருந்தொழிலாயிற்று. 1885இல் தொடங்கப்பட்ட லீவர் சகோதரர் நிறுவனம் சன்லைற் கட்டியை உலகமெங்கும் விற்றது. அக்கட்டிக்கு வேண்டிய எண்ணெய்க்காக 1911இல் பெல்ஜியத்தின் ஆட்சியிலிருந்த கொங்கோவுக்குள் நுழைந்தது. அங்கே செம்பனைக் குலைகளை வெட்டிய ஆபிரிக்கர் மீது சுமத்தப்பட்ட கட்டாய உழைப்பு இன்று ஆய்வாளர்களால் விரிவாக ஆவணப்படுத்தப்பட்டுள்ளது. இலங்கையிலே அந்நிறுவனம் 1938இல் கால் ஊன்றியது. நம் பாட்டிமார் தங்கள் பேச்சில் எந்தச் சலவைக் கட்டியையும் சன்லைற் என்றே அழைத்தனர். தென்னையும் நமது, தேங்காயெண்ணெயும் நமது. கட்டிக்குப் பெயர் மட்டும் அவர்களுடையது.

இரண்டாவது முற்றுகை ஜேர்மனியில். 1914இல் போர் தொடங்கியவுடன் பிரித்தானியக் கடற்படை ஜேர்மன் துறைமுகங்களை அடைத்தது. வெளிநாட்டுக் கொழுப்பும் எண்ணெயும் வரவில்லை. இருந்த கொழுப்பையும் மக்கள் உண்ணவேண்டும்; படைக்கு வெடிபொருள் ஆக்கும் கிளிசரீனையும் அதிலிருந்தே எடுக்கவேண்டும். சவர்க்காரமும் வெடிமருந்தும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்பதைப் பலர் அறியார். சவர்க்காரம் பங்கீட்டு அட்டைக்கு வந்தது. வந்த கட்டியிலும் களிமண்ணே மிகுந்தது. இந்நெருக்கடியிலே, 1916 அளவில், லுட்விக்ஸ்காபன் நகரத்து பி.ஏ.எஸ்.எவ். நிறுவனத்தின் இரசாயனவியலாளர் பிரிட்ஸ் குந்தர், நிலக்கரித் தாரிலிருந்து பெறும் நப்தலீனைக் கொண்டு, கொழுப்பே இல்லாத அழுக்ககற்றி ஒன்றை ஆக்கினார். துணியைத் தோய்ப்பதில் அது அவ்வளவு சிறக்கவில்லை. எனினும் வழி திறந்துவிட்டது. 1930களில் அவ்வழியே மேலும் பல வந்தன. 1946இல் அமெரிக்காவில் ரைட் என்ற சலவைத்தூள் வெளிவந்தது. இன்று நம் கடைகளிலே கண்ணைப் பறிக்கும் வண்ண உறைகளில் தொங்கும் சலவைத்தூள் யாவற்றுக்கும் மூதாதை, ஒரு முற்றுகையின்போது கொழுப்பில்லாத ஜேர்மனியிலே பிறந்தது.

பிரான்சு, ஜேர்மனி ஆகிய இரு தேசங்களிலும் நிகழ்ந்ததில் ஒரு பொதுமை உண்டு. வழி அடைபட்டது, அறிவு தேடப்பட்டது, தேடிக் கண்டது எழுதப்பட்டது. எழுதப்பட்டதற்கு அரசும் ஆலையும் உரிமச் சட்டமும் பின்னின்றன. எனவே போர் முடிந்த பின்னரும் அவ்வறிவு வாழ்ந்தது. அதனாற் பயன்பெற்றவர் யார் என்பது வேறு கேள்வி; அறிவு அழியவில்லை என்பதே இங்கு நான் குறிக்க விரும்புவது.

இனி எங்கள் பானைக்குத் திரும்புகிறேன்.

மறுநாள் நாங்கள் மீண்டும் சாம்பற் காரநீரை வடித்துக்கொண்டிருந்தோம். வேலிக்கு வெளியே ஒழுங்கையால், உடுப்பு மூட்டையோடு ஒரு முதிய பெண்மணி சென்றார். எங்கள் ஊரவருக்குத் தலைமுறை தலைமுறையாக உடுப்பு வெளுத்துக் கொடுத்த குடும்பத்தவர். மூட்டையை இறக்காமலே நின்று பார்த்தார்.

"என்ன மாஸ்ரர், சாம்பல் தண்ணியோ?"

"ஓம், சவுக்காரம் காய்ச்சிறம்."

"சுண்ணாம்பு விடேல்லையோ?"

ஆசிரியர் ஒரு கணம் திகைத்தார். பிறகு நெற்றியிலே கையால் அடித்துக்கொண்டார். அவருக்குப் புரிந்துவிட்டது. சாம்பல் நீரிலே இருப்பது பொற்றாசியங் காபனேற்று; அது மென்காரம். எண்ணெயைப் பிளக்கும் வலிமை அதற்கில்லை. சுண்ணாம்பு சேர்ந்தால் காபனேற்று வெண்படிவாக அடியிலே தங்கிவிட, மேலே நிற்பது பொற்றாசியமைதரொட்சைட்டு, அதுவே வன்காரம். பல்கலைக்கழகத்திலே பட்டம்பெற்ற ஆசிரியர் கரும்பலகையிலே பல நூறு தடவை எழுதிய சமன்பாடு அது. ஆனால் பானையைப் பார்த்தவுடன் அது அவருக்கு நினைவில் வரவில்லை. அந்த அம்மாவுக்குச் சமன்பாடு தெரியாது, பானை தெரியும். சாம்பற் காரத்துக்குச் சுண்ணாம்பிட்டு வலுவேற்றுவது வெள்ளாவிக்காரர் கைகண்ட பழைய வழி.

சுண்ணாம்புக்கு யாழ்ப்பாணத்திலே பஞ்சமில்லை. நாம் நிற்பதே சுண்ணக்கல்லின் மீது. சுட்ட சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றினோம். வடித்தெடுத்த நீரை அலுமினியச் சட்டியிலே ஊற்றியதும் அது பொருமிக் கொப்புளித்தது; சட்டி கறுத்துக் குழி விழுந்தது. வன்காரம் அலுமினியத்தை அரிக்கும் என்பதையும் அன்றே கண்ணாற் கண்டோம். சட்டி கொடுத்த வீட்டிலே வாங்கிய ஏச்சு வேறு. பின்னர் மண்பானையில் காய்ச்சினோம். அந்தி சாயும் வேளையில் அது களியாக இறுகத் தொடங்கியது. கட்டியாகவில்லை; பொற்றாசியச் சவர்க்காரம் கட்டியாகாது. உப்பிட்டால் பிரிந்து திரளும் என்று புத்தகம் கூறிற்று. உப்பிட்டோம், திரளவில்லை. தேங்காயெண்ணெயிற் செய்த சவர்க்காரம் உப்புநீரிலும் கரைந்து நுரைக்க வல்லது. கடற்பயணிகள் அதை விரும்பி வாங்கியதும் அதனாலேயே. எங்களுக்கு அது பின்னரே தெரிந்தது. எப்படியாயினும், கபில நிறக் களி ஒரு கிண்ணம் கிடைத்தது. ஒருவன் தன் சட்டையின் கழுத்துப்பட்டியைத் தோய்த்துக் காட்டினான். அழுக்குப் போயிற்று. என் விரல் நுனிகளில் தோலும் போயிற்று.

ஆயினும் அந்த வழி நிலைக்கவில்லை. கணக்குப் பார்த்தால் காரணம் தெளிவு. ஒரு கிண்ணம் களிக்கு அரைப் போத்தல் எண்ணெய், இரண்டு நாள் விறகு. சமைக்க எண்ணெயில்லாத வீடுகளிலே எண்ணெயைச் சவர்க்காரமாக்குவது எவருக்குக் கட்டும்? ஜேர்மனியர் 1916இல் எதிர்கொண்ட அதே கேள்வி, நம் அடுப்படியிலும் எழுந்தது. அவர்கள் நிலக்கரித் தாரை நாடினர். நம்மவர் பனையை நாடினர்.

ஆடி பிறந்தால் குடாநாடெங்கும் பனம்பழம் விழும். பழத்தின் தோலை உரித்து, நாரோடு பிசைந்து, களியை நீரிலே கரைத்தால் நுரை எழும். அந்நீரிலே உடுப்பை ஊறவிட்டுக் கல்லிலே தோய்த்தார்கள். சிலர் பிழிந்த கொட்டையின் நாரையே தூரிகையாகக் கொண்டு அழுக்கின்மீது தேய்த்தார்கள். நிறத் துணிக்குக் குறையில்லை. வெள்ளைச் சீருடையில் மஞ்சள் படியும். நல்ல வெயிலில் காயவிட்டால் ஒருவாறு மங்கும். கொடியிலே காய்ந்த உடுப்பின் வாசத்துக்கு மாடு வந்து சப்பித் தின்ற கதைகளை அக்காலத்தவர் இன்றும் சிரித்துச் சிரித்துச் சொல்வர். சிரிக்கக்கூடிய கதைகள் அக்காலத்திலே மிகச் சிலவே இருந்தன. தோய்த்தபின் எஞ்சிய கொட்டைகளும் வீணாகவில்லை. பாத்தியிலே அடுக்கப்பட்டு, தைமாதம் அளவிலே கிழங்காகித் திரும்பின. பழமில்லாத காலத்தில் பழையபடி சாம்பல் நீர்.

இது வெறும் வறியோர் தந்திரமா? அன்று பலர் அவ்வாறே எண்ணினர், நானும் வெட்கப்பட்டதுண்டு. ஆனால் பனங்களியிலே உள்ள கசப்பை ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஜான்ஸும் அவரோடு உழைத்தோரும் ஆராய்ந்தனர். அக்கசப்புக்குக் காரணமான பொருள்கள் சப்போனின் வகையைச் சேர்ந்தவை என்று கண்டு, பனையின் தாவரவியற் பெயரைத் தழுவி அவற்றுக்குப் பிளபெலிபெரின் என்று பெயரிட்டனர். சப்போனின் என்பது ஒருமுனையால் எண்ணெயையும் மறுமுனையால் நீரையும் பற்றுவது. சவர்க்காரம் செய்யும் தொழிலும் அதுவே. இன்னொன்றும் உண்டு. யாழ்ப்பாணத்துக் கிணற்றுநீர் சுண்ணக்கல்லில் ஊறிய வன்னீர். அந்நீரில் கடைச் சவர்க்காரத்தின் ஒரு பகுதி கல்சியத்தோடு சேர்ந்து, வெண்பிசுக்காகி வீணாகும். வாளியின் ஓரத்திலே படியும் அழுக்கு வளையம் அதுதான். சப்போனினுக்கு இக்குறை பெரிதும் இல்லை. செயற்கைச் சலவைத்தூளுக்கும் இல்லை. கொழும்பிலிருந்து வந்த கட்டியைவிட, விழுந்து கிடந்த பழம் அந்த மண்ணின் நீருக்கு ஒருவகையிற் பொருத்தமாக இருந்தது என்றால் அது மிகையன்று.

1994இல் பதவிக்கு வந்த அரசு சில பொருள்கள்மீதான தடையைத் தளர்த்தியது. பின்னரும் போர் நெடுங்காலம் நீடித்தது. பாதைகள் திறந்தும் மூடியும் 2009 வரை அவலம் தொடர்ந்தது. ஆனால் சவர்க்காரம் கடைக்கு வந்த அன்றே பனங்களி கிணற்றடியிலிருந்து மறைந்தது. எவரும் அதற்காக வருந்தவில்லை. வருந்தவேண்டுமென்று நானும் கூறவில்லை. பெண்களின் முதுகை முறித்த வேலை அது. பழம் பொறுக்கி, உரித்து, பிசைந்து, வடித்து, அதன்பின் தோய்ப்பதென்றால் ஒரு நாளிற் பாதி போய்விடும். அத்துன்பத்தைப் பழைமையின் பெயராற் போற்றுவோர் ஒருநாள் தாமே பிசைந்து பார்க்கட்டும். என் குறை வேறு. பிரான்சின் பானையும் ஜேர்மனியின் பானையும் உலகத்துக்கு எழுத்தைத் தந்தன. 1978இலேயே பனை அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டிருந்த இந்நாட்டிலே, எத்தனை பழத்துக்கு எவ்வளவு நீர், எந்தத் துணிக்கு எவ்வளவு நேரம் என்று ஆயிரமாயிரம் பெண்கள் தம் கையனுபவத்தாற் கண்ட கணக்கு, அவர்களுடைய நினைவிலேயே தங்கிவிட்டது. 2022ஆம் ஆண்டின் நெருக்கடியிலே சவர்க்காரமும் சலவைத்தூளும் விலையேறியபோது, என் உறவுப் பெண் ஒருத்தி வீட்டிலேயே சலவைநீர் செய்யும் வழியை என்னிடம் கேட்டாள். போரின்போது அவளுடைய தாய் அதை நான்கு ஆண்டுகள் செய்தவர். மகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் தகுதியுள்ள அறிவாக அத்தாய் அதைக் கருதவில்லை.

ஏன் கருதவில்லை? இதற்கு விடை தேடினால், உடுப்பு வெளுக்கும் தொழிலை நம் சமுதாயம் எங்கே வைத்திருந்தது என்று பார்க்கவேண்டும். வெள்ளாவி எளிய தொழிலன்று. சாம்பற் காரமோ உவர்மண்ணோ கரைத்த நீரிலே துணியைத் தோய்த்து, பானைமீது அடுக்கி, இரவெல்லாம் ஆவியிலே வேகவிட்டு, விடியலிற் குளத்துக்குக் கொண்டுசென்று அடித்து அலசி, வெயிலிலே விரித்து, கஞ்சியும் நீலமும் இடுவது அது. காரத்தின் வலிமை கூடினால் துணி நையும். குறைந்தால் அழுக்கு நிற்கும். நாவிலே தொட்டும் விரலிடையே வழுக்கிப் பார்த்தும் அளவறிந்தனர். ஐரோப்பாவிலே இத்தகைய திறனை இரசாயனம் என்றனர். இங்கே அதைக் குடிமை என்றோம்.

வீட்டிலே பிறப்பு, பூப்பு, இறப்பு எது நிகழ்ந்தாலும் துடக்குத் துணியை எடுத்துச் சென்று, மாற்றுக் கொண்டுவந்து கொடுத்து, பந்தலிலே வெள்ளை கட்டி, வீட்டைத் தூய்மையாக்கியவர் அவரே. அவர் தூய்மையாக்கிய வீட்டினுள்ளே நுழைவதற்கு மட்டும் அவருக்கு உரிமையில்லை. தாழ்த்தப்பட்ட மக்களுக்கு உடுப்பு வெளுத்த துரும்பர் என்ற பிரிவினர் பகலிலே வெளிவரக் கூடாது என்றும், இரவிலே செல்லும்போதும் தம் வரவை அறிவிக்கப் பனையோலையை இழுத்துச் செல்ல வேண்டுமென்றும் வழக்கம் இருந்ததாகப் பழைய குறிப்புகள் கூறுகின்றன. வெளுத்த துணியைத் தோளிலே இடுவதற்கும் தாழ்த்தப்பட்டோருக்குத் தடை இருந்த காலம் அது. 1960களிலே தீண்டாமைக்கு எதிராகத் தேநீர்க் கடைகளிலும் கோயில் வாசல்களிலும் எழுந்த போராட்டங்களின் பின்னர் வெளிக்கொடுமைகள் பல தளர்ந்தன. ஆயின் கையால் அறியும் அறிவு இழிந்தது, ஏட்டால் அறியும் அறிவு உயர்ந்தது என்ற எண்ணம் தளரவில்லை. சீவல் தொழிலும் சலவைத் தொழிலும் அடுப்படி வேலையும் அறிவு என்ற பெயரைப் பெறாமலே இருக்கின்றன.

அன்று சுண்ணாம்பைச் சொல்லித்தந்த அம்மாவை நாங்கள் உள்ளே அழைக்கவில்லை. வேலிக்கு அப்பால் நின்றே அவர் சொன்னார்; சொல்லிவிட்டு மூட்டையோடு போனார். மாலையிலே களி இறுகியபோது அவருக்கு ஒரு சிரட்டையில் கொடுத்தனுப்ப வேண்டுமென்று எங்களில் எவருக்கும் தோன்றவில்லை. எங்கள் ஆசிரியர் நல்லவர், முற்போக்கான கருத்துடையவர், சமபந்தி போசனங்களிலே கலந்துகொண்டவர். எனினும் அன்று அவருக்கும் தோன்றவில்லை.

இடப்பெயர்வுகள் பலவற்றைத் தாண்டியும் எனது அக்காலச் செய்முறைக் கொப்பி ஒன்று தப்பியிருக்கிறது. செல்லரித்த ஒரு பக்கத்திலே, "சாம்பலிலிருந்து சவர்க்காரம் தயாரித்தல்" என்ற தலைப்பு உள்ளது. பானையின் படம் உண்டு, சமன்பாடு உண்டு, பயன்பட்ட பொருள்களின் அளவு உண்டு. அடியிலே ஐந்து மாணவரின் பெயரும், வழிகாட்டியவர் என்று ஆசிரியரின் பெயரும் உள்ளன. சுண்ணாம்பு சேர்த்த இடத்திலே, "முதல் முயற்சியின் குறை எம்மாற் கண்டறியப்பட்டுத் திருத்தப்பட்டது" என்று எழுதப்பட்டிருக்கிறது. கையெழுத்து என்னுடையது.